மூன்றாம் முறை வந்த நீர்க்கடுப்பு

16 ஜனவரி 2024, செவ்வாய்

மறுபடியும் வந்துவிட்டது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில், நான் ஓட்டும் டாக்சியோடு வரிசையில் நிற்கும்போதே அடிவயிற்றில் ஒரு கனம். வீட்டுக்கு வந்து சிறுநீர் போனால் சொட்டுச் சொட்டாக, எரிச்சலோடு. செப்டம்பரில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை, இப்போது மூன்றாவது. இரண்டு முறையும் பக்கத்து கிளினிக்கில் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாளே சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்றுதான் நானும் நம்பினேன்.

மனைவி பார்லி வேகவைத்து வைத்திருக்கிறாள். குடித்தால் எரிச்சல் கொஞ்சம் தணிகிறது, அவ்வளவுதான். திருச்சியிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஆன்டிபயாடிக் நாலைந்து அலமாரியில் மிச்சம் இருக்கிறது. கையில் எடுத்துவிட்டேன். "என்னங்க, எதுக்குன்னே தெரியாம மாத்திரையா? டாக்டர்கிட்ட போங்க" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

18 ஜனவரி, வியாழன்

பலதுறை மருந்தகம், அதாவது அரசாங்கப் பாலிகிளினிக். டாக்டர் ஒரு சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். சொல்ல நாக்கு எழவில்லை. அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல், குளிர் உண்டா? விலாவில் வலியா? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்? போய் முடித்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றேன். இரண்டு வருடமாகவே அப்படித்தான். 54 வயதில் எல்லாருக்கும் இருப்பதுதானே என்று விட்டிருந்தேன்.

அவர் சொன்னது: பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் 4 செண்டிமீட்டர் அளவுதான், அதனால் கிருமி எளிதாக ஏறிவிடும். ஆண்களுக்குக் கிட்டத்தட்ட 20 செண்டிமீட்டர். அத்தனை தூரம் தாண்டி ஓர் ஆணுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் உள்ளே ஏதோ காரணம் இருக்க வேண்டும். கல், அடைப்பு, சர்க்கரை நோய், அல்லது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி. தேடிப் பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது.

முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் புட்டியில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். கல்ச்சருக்கு அனுப்ப, அதாவது கிருமியை வளர்த்து எது என்று பார்க்க. அதைக் கொடுத்த பிறகுதான் முதல் மாத்திரையை விழுங்கலாமாம். முன்பே ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால் கிருமி வளராது, எது என்றே தெரியாமல் போய்விடும். அலமாரி மாத்திரையை அன்று போட்டிருந்தால் இன்றைக்குக் கொடுத்த சிறுநீர் வீண்தான். மனைவிக்கு நன்றி சொன்னேன்.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், 500 மில்லிகிராம், காலை மாலை, 14 நாள். நிபுணரைப் பார்க்கவும் கடிதம் கொடுத்திருக்கிறார்.

22 ஜனவரி, திங்கள்

முடிவு வந்தது. ஈ. கோலை. குடலில் சாதாரணமாக இருக்கும் கிருமிதானாம். சிப்ரோவுக்கு அது அடங்கும். ஆனால் முந்தைய இரண்டு முறையும் தந்த நைட்ரோஃபுரான்டாயினுக்கும் அடங்கும் என்றே போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் திரும்பி வந்தது? ராத்திரி முழுக்க இதே யோசனை.

சர்க்கரை இல்லை. அது ஒரு நிம்மதி.

25 ஜனவரி, வியாழன்

தைப்பூசம். இந்த முறை நான் பால்குடம் எடுக்கவில்லை. மனைவி எடுத்தாள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை கூடவே நடந்தேன். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. முருகா, அடுத்த வருடம்.

30 ஜனவரி, செவ்வாய்

நிபுணரைப் பார்த்தேன். இதை முழுசாக எழுதிவிட வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு பரிசோதனைக்குப் பயந்துதான் நானே இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன்.

பக்கவாட்டில் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார். கையுறை, வழவழப்பு மருந்து, புரோஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்க ஆசனவாய் வழியாக ஒரு விரல். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அழுத்தியபோது ஓர் இடத்தில் வலித்தது, அதை அவரிடம் சொன்னேன். அவமானமாக எதுவும் இல்லை. அவருக்கு அது தினமும் செய்யும் வேலை.

அப்புறம் சிறுநீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் கருவியில் போகச் சொன்னார்கள். முடித்தவுடன் வயிற்றில் ஸ்கேன். சிறுநீர்ப்பையில் இன்னும் 140 மில்லி மிச்சம். முழுசாகப் போய்விட்டதாக நான் நினைத்த பிறகு!

எட்டு நாளாக அரித்த கேள்விக்கும் விடை கிடைத்தது. புரோஸ்டேட் வீங்கிப் பாதையை நெருக்குகிறது, அதனால் நீர் தேங்குகிறது. கிருமி அந்தச் சுரப்பிக்குள்ளேயே குடியேறியிருக்கிறது. நான் முன்பு போட்ட மாத்திரை சிறுநீரில் நன்றாகச் சேரும், பையைச் சுத்தம் செய்யும். சுரப்பியின் சதைக்குள் போதிய அளவு போகாது. பை சுத்தமானதும் எரிச்சல் நிற்கும், நான் குணமாகிவிட்டதாக நினைப்பேன். உள்ளே ஒளிந்திருப்பது சில வாரத்தில் மறுபடி இறங்கி வரும். சிப்ரோ சுரப்பிக்குள் ஊடுருவும், ஆனால் நாள் பிடிக்கும். 14 நாளை ஆறு வாரமாக்கினார். கூடவே பாதையைத் தளர்த்த டாம்சுலோசின், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. படுக்கையிலிருந்து மெதுவாக எழ வேண்டும், தலை சுற்றலாம். விந்து குறைவாக வரலாம், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று.

புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை இப்போது வேண்டாமாம். தொற்று இருக்கும்போது அளவு ஏறிக் காட்டி வீணாகப் புற்றுநோய்ப் பயத்தைக் கிளப்பும்.

"வண்டியில் எத்தனை மணி நேரம் அடக்கிக்கொண்டிருப்பீர்கள்?" என்று கேட்டார். நாலு மணி, சில நாள் ஐந்து. அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டேன். இருபது வருடப் பழக்கம்.

12 பிப்ரவரி, திங்கள்

சீனப் புத்தாண்டு விடுமுறை, சாலை காலி. புதுப் பழக்கம்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உணவங்காடியிலோ பெட்ரோல் நிலையத்திலோ நிறுத்துகிறேன். போய் முடித்து ஒரு நிமிடம் நின்று, மறுபடி முயல்கிறேன். இரண்டாம் முறையும் வருகிறது. வண்டியில் ஒரு லிட்டர் தண்ணீர்.

பால் சேர்த்த தே (தேநீர்) குடிக்கும் நேரத்தில் சிப்ரோ போடக் கூடாது, கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே காலையில் தே ஓ, பால் இல்லாத தேநீர். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் வலித்தால் உடனே சிப்ரோவை நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

29 பிப்ரவரி, வியாழன்

கடைசி மாத்திரை. எரிச்சல் நின்று ஒரு மாதம் ஆகியும் ஒரு வேளைகூட விடவில்லை.

14 மார்ச், வியாழன்

மறு கல்ச்சர். கிருமி வளரவில்லை. மிச்சம் 45 மில்லி.

16 ஏப்ரல், செவ்வாய்

பிஎஸ்ஏ அளவும் சரியாக இருக்கிறது. டாம்சுலோசின் தொடர்கிறது. மறுபடி வரவே வராது என்று டாக்டர் சொல்லவில்லை. வந்தால் அன்றைக்கே சிறுநீரைக் கொடுங்கள் என்றார்.

மாலை தேக்கா காப்பிக் கடையில் சக ஓட்டுநர் தம்பி ஒருவர், மேசையில் ஆள் போகும்வரை காத்திருந்து, "அண்ணே, உங்களுக்கு நீர்க்கடுப்பு இருந்துச்சாமே" என்று மெல்லக் கேட்டார். அவருக்கு இது இரண்டாவது முறை. வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். ஊர் மாத்திரை ஏதாவது போட்டாயா என்றேன். இன்னும் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறது என்றார். வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். நாளை காலை எட்டு மணிக்கு நானே அவரை மருந்தகத்துக்குக் கூட்டிப்போகிறேன்.