கிறிஸ்துமஸ் கள்ளி மொட்டு விட்ட கதை

கள்ளி என்ற பெயரை நம்பி, கிறிஸ்துமஸ் கள்ளியைப் பாலைவனச் செடிபோல வெயிலில் காயவிட்டதுதான் என் முதல் தவறு. தென்கிழக்கு பிரேசிலின் ஈரமான மலைக்காடுகளில், மரக்கிளைகளைப் பற்றி வளரும் செடி அது. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும் என்பதால், அக்டோபர் தொடக்கத்திலிருந்து 6 வாரங்களுக்கு, பகலில் ஜன்னல் வெளிச்சமும் மாலை 6 முதல் காலை 8 மணி வரை முழு இருளும் கிடைக்கும் குளிர்ந்த பின்னறையில் அதை வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றினேன். (இரவில் அங்கே எதைத் தேடினாலும் இருட்டில் துழாவ வேண்டியதுதான், வீட்டில் முணுமுணுப்பு.) நவம்பர் நடுவில், தட்டையான தண்டுகளின் நுனியில் அரிசிமணி அளவில் இளஞ்சிவப்பு மொட்டுகள் தெரிந்தன. சென்ற ஆண்டு மொட்டைக் கண்ட மகிழ்ச்சியில் தொட்டியைக் கூடத்து ஹீட்டர் அருகே மாற்றியதும் அத்தனையும் உதிர்ந்துவிட்டதால், இம்முறை இருந்த இடத்திலிருந்து அதை அசைக்கவே இல்லை.