காளிபூர் கடற்கரைக்கு இரண்டு பெட்டிகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நானும் என் அக்காவும் கடந்த ஜனவரி இறுதியில் புறப்பட்டு, வட அந்தமானில் டிக்லிப்பூருக்கு அருகே ஆமைகள் முட்டையிடும் காளிபூர் கடற்கரையில் மூன்று இரவுகள் தங்கித் திரும்பினோம். பயணம் ஒன்பது நாள்கள்தான் என்றாலும், அதற்கான ஏற்பாட்டுக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அந்த நான்கு மாதங்களில் நாங்கள் எடுத்த முடிவுகளே பயணத்தைக் காப்பாற்றின என்பதால் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 58 வயது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். பல ஆண்டுகளாகத் தை பிறந்ததும் தன்னார்வலர்களோடு சேர்ந்து தேவனாம்பட்டினம் கரையில் இரவு நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை நாயும் நரியும் தோண்டிவிடாமல் பொரிப்பகத்துக்குக் கொண்டு சேர்ப்பவர். அந்தமான் தீவுகளில் பங்குனி ஆமையோடு பேராமை, அழுங்காமை, தோணி ஆமை என நான்கு இனங்கள் கரையேறுகின்றன. உலகின் மிகப் பெரிய கடலாமையான தோணி ஆமையை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

முதலில் மாதத்தை முடிவு செய்தோம். அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆமைகள் அதிகம் வரும் காலம். ஆனால் டிசம்பரில் வங்கக் கடலை நம்பிப் பயணம் வைக்க கடலூர்க்காரர்களுக்கு மனம் வராது. தானே புயல் எங்கள் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. ஆகவே ஜனவரியின் கடைசி வாரம் என்று குறித்தோம். சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். அக்காவின் உடல்நிலைக்கு அது சரிவராது என்பதால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் விமானத்தையே தேர்ந்தெடுத்தோம்.

நாள்களைத் திரும்பும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டோம். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு நாள்களைக் காலியாக விட்டோம். அவற்றில் எதையும் பார்க்கத் திட்டமிடவில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து டிக்லிப்பூர் சுமார் 325 கிலோமீட்டர். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியை வண்டிகள் குறித்த நேரங்களில், காவலோடு, வரிசையாகத்தான் கடக்க முடியும். அதன் பிறகு ஒரு நீரிணையைப் படகில் தாண்ட வேண்டும். ஒரு வரிசையைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். கடைசி வரிசையைத் தவறவிட்டால் அன்றைய பயணம் முடிந்தது. திரும்பும்போது எங்களுக்கு அதுதான் நேர்ந்தது. மாயாபந்தரைத் தாண்டியதும் வண்டியின் டயர் வெடித்து, ரங்கத்தில் ஓர் இரவு தங்க வேண்டியதாயிற்று. காலி நாள்கள் இருந்ததால் நாங்கள் பதற்றமின்றிச் சாப்பிட்டு உறங்கினோம். எங்களோடு வந்த ஒரு குடும்பம் விடிந்ததும் பிடிக்கவிருந்த விமானத்தை இழந்தது. அவர்கள் வருந்தியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“தம்பி, ரெண்டு பெட்டிக்கு மேல வேணாம். படகுலயும் பஸ்ஸுலயும் ஏத்தி இறக்கப் போறது நாம ரெண்டு பேருதான்” என்று அக்கா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். விமானத்தில் ஒருவருக்கு 15 கிலோதான் அனுமதி என்பதால் அவர் சொன்னதே எல்லையாகவும் அமைந்தது. அங்கே கிடைக்காதது எதுவோ அதற்கு மட்டுமே இடம் என்று முடிவு செய்ததும், பாதித் துணிகள் பெட்டியைவிட்டு வெளியே வந்தன.

இன்சுலினுக்காகத்தான் அதிகம் யோசித்தோம். சரக்கு அறையில் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுவிடக்கூடும் என்பதால், மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையில் வைத்துக்கொண்டோம். பகல் முழுதும் நீளும் சாலைப் பயணத்துக்கு ஈரத்துணி சுற்றிய வாயகன்ற ஃபிளாஸ்க் போதுமானதாக இருந்தது. காளிபூரில் மின்சாரம் நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். தானே புயலுக்குப் பின் கடலூரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, அக்கா ஒரு சிறு மண்கலயத்தை ஈர மணலில் புதைத்து, அதற்குள் மருந்தை வைத்துக் காப்பாற்றினார். அதே அளவிலான ஒரு கலயத்தைத் துண்டுகளுக்கு நடுவில் பொதிந்து எடுத்துச் சென்றோம். இரண்டாம் நாள் மாலையில் மின்சாரம் போய் மறுநாள் காலையில்தான் வந்தது. கலயம் தன் வேலையைச் செய்தது. எடையைப் பார்த்து அதை வீட்டிலேயே விட்டுவிடச் சொன்னவன் நான்.

அடுத்த கவலை அக்காவின் பாதங்கள். சர்க்கரை நோயாளியின் காலில் பவளத்துண்டு கீறினால் ஆறுவது எளிதல்ல; எலிக்காய்ச்சலும் அந்தத் தீவுகளில் நெடுங்காலமாக உள்ள நோய் என்பதால், புண்ணோடு சேற்றில் இறங்கவே கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இறுகாத கேன்வாஸ் காலணி ஒரு ஜோடியும் பருத்திக் காலுறை நான்கு ஜோடியும் வைத்தோம். ஆறு வைத்திருக்க வேண்டும், ஏனெனில் அந்தக் காற்றின் ஈரத்தில் துவைத்தது எதுவும் ஒரே நாளில் காய்வதில்லை. மணல் ஈக்கள் கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். மணிக்கட்டுவரை மூடும் சட்டையும் பூச்சி விரட்டிக் களிம்பும் அவசியம்.

ஆமை வரும் கரையில் வெளிச்சமும் வெண்ணிற உடையும் அதைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் வெள்ளைத் துணிகளைத் தவிர்த்துக் கருநீலமும் பழுப்புமாக எடுத்துக்கொண்டோம்; டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினோம். கேமராவைக் கொண்டுபோகலாமா என்ற பேச்சில் நான் தோற்றேன். அதற்குப் பதில் கைக்கு அடக்கமான ஒரு பைனாகுலரை எடுத்துக்கொண்டேன். அது வீண்போகவில்லை. போர்ட் பிளேருக்குத் தெற்கே உள்ள சிடியாத்தப்பூ காட்டோரத்தில் அந்தமான் செம்போத்தைக் கண்டேன். நம்மூர்ச் செம்போத்தின் கருமை அதன் தலையிலும் உடலிலும் இல்லை, மங்கிய பழுப்பாக இருந்தது. புறப்படுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடிகாரம் ஒன்றே என்றாலும் அங்கே சூரியன் கடலூரைவிட ஐம்பது நிமிடம் முன்னதாகவே உதித்து மறைகிறது. மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதை அறியாமல் முதல் நாளின் திட்டத்தை நான் வகுத்திருந்தேன்.

எடுத்துச் செல்பவற்றைப் போலவே கொண்டு வரக்கூடாதவற்றையும் பேசி வைத்துக்கொண்டோம். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கரையில் கிடக்கும் உடைந்த துண்டைக்கூட எடுக்கக் கூடாது. சிப்பி கேட்ட பேரனிடம் அக்கா புறப்படுமுன்பே விளக்கிச் சொல்லிவிட்டார். ஜாரவா பகுதிக்குள் நுழையுமுன் கைப்பேசிகளைப் பையில் வைத்து மூடினோம். அங்கே படம் எடுப்பதும், வண்டியை நிறுத்துவதும், உணவு கொடுப்பதும் குற்றம். தங்கள் காட்டில் வாழும் மக்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காமல் கடந்து செல்வது நாம் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை என்றே நான் கருதுகிறேன்.

காளிபூரில் முதல் இரவு எதுவும் வரவில்லை. மூன்றாம் இரவு மழை. இரண்டாம் இரவு, ஒரு மணிக்கு மேல், வனத்துறைக் காவலர் கையசைத்துக் கூப்பிட்டார். முட்டையிடத் தொடங்கும்வரை தொலைவிலேயே அமர்ந்திருந்து, பிறகு பின்புறமாக நெருங்கினோம். அக்கா சிவப்பு வெளிச்சத்தில் ஓட்டைப் பார்த்ததுமே என் காதருகில், “நம்ம பங்குனி ஆமைதான்டா தம்பி” என்றார். ஏமாற்றம் இருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் அது குழியை மூடியபின் உடலை இடவலமாக அசைத்து மணலைத் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தியபோது, எத்தனையோ முறை பார்த்த அந்தக் காட்சியை அவர் கைகூப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தார். பொரிப்பகத்துக்கு எடுத்துச் செல்ல முட்டைகளை எண்ணும் வேலையைக் காவலர் அவரிடமே கொடுத்தார், 112 இருந்தன.

தோணி ஆமைக்காக அடுத்த ஜனவரியில் லிட்டில் அந்தமான் தீவுக்குச் செல்வதாக இருக்கிறோம். அங்குள்ள ஓங்கே பழங்குடி மக்களின் காப்புப் பகுதிக்குள் நாம் நுழைய முடியாது என்பதால், அனுமதி உள்ள கரை எது என்று முதலில் வனத்துறைக்கு எழுதிக் கேட்க வேண்டும். அங்கே கப்பலில்தான் போக வேண்டியிருக்கும் என்பதால் காலி நாள்களை இரண்டிலிருந்து நான்காக்கியிருக்கிறோம். மண்கலயம் பட்டியலின் முதல் வரிக்கு ஏறிவிட்டது.