எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும்

தண்டையார்பேட்டையில் நாங்கள் வைத்திருக்கும் பழைய பெட்ரோல் காரின் அடியில் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்த மெக்கானிக், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்றார். அதை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதால், கசிவின் மூலத்தை முதலில் உறுதிசெய்துகொள்ள விரும்பினேன்.

மேலே கசியும் எண்ணெய் எஞ்சின் பிளாக்கின் வழியே இறங்குகிறது. வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆகவே எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கில் தொடங்கும் கசிவுகூடப் பின்பக்க சீலுக்கு அடியில் வந்து சொட்டலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி அந்த எண்ணெயில் கருஞ்சேறாகப் படிந்துவிட்டால், புதிய கசிவையும் பழைய அழுக்கையும் பிரித்தறிவது மிகக் கடினம்.

எனவே, எஞ்சின் ஆறிய பிறகு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரையும் மின் இணைப்புகளையும் பாலித்தீன் உறையால் மூடி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டீகிரீசர் கொண்டு கழுவி, நன்கு காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவினேன். சிறிது தூரம் ஓட்டிவிட்டு டார்ச் வெளிச்சத்தில் தேடியபோது, ஈரம் தெரிந்த மிக உயரமான இடம் ஆயில் பிரஷர் சுவிட்ச்சாக இருந்தது. விலை குறைந்த, எளிதில் கழற்றக்கூடிய பாகம் அது. அதை மாற்றிய பின், சீல் இருக்கும் பகுதி உலர்ந்தே இருக்கிறது.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் அவசியம் பார்க்க வேண்டும். அது அடைத்திருந்தால் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் அழுத்தம் கூடி, பழுதில்லாத சீல்களின் வழியாகவும் எண்ணெய் வெளியேறும். அந்நிலையில் எந்த சீலை மாற்றினாலும் கசிவு நிற்காது.