ஒப்பந்த வேலையில் இருந்துகொண்டு முதல் வீட்டுக் கடன்: எனக்கு ஆன 21 மாதம்

"உங்களுக்கு 13 லட்சம்தான் வரும் மேடம்" என்று லோன் ஆபீசர் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். 2023 ஜனவரி. நான் கேட்டது 24 லட்சம். மாதம் 62,000 ரூபாய்க்கு பில் போடுகிறேன், அஞ்சு வருஷமாக ஒரு மாதம்கூடப் பணம் நின்றதில்லை, பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் ஸ்டேட்மென்ட்டை ஓரமாக நகர்த்திவிட்டு என் வருமான வரி ரிட்டர்னில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். மொத்த வருமானம்: 3,60,000.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயமே. ஒப்பந்த வேலையில் இருப்பவர்களுக்குக் கடன் கிடைக்காது என்று பலர் நினைத்துக்கொண்டு பேங்க் பக்கமே போவதில்லை. கிடைக்கும். ஆனால் கடன் கேட்கப் போகிற நாளுக்கு இரண்டு வருஷம் முன்பே அதற்கான வேலை தொடங்கிவிட வேண்டும். அந்த வேலை பேங்கில் இல்லை, ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறது. இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

நான் கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு டிசைன் செய்து கொடுக்கிறேன். 11 மாத ஒப்பந்தம், முடிந்தால் சில நாள் இடைவெளி, அப்புறம் புது ஆர்டர். பி.எஃப். கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. மாதா மாதம் நான் பில் கொடுப்பேன், அவர்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போடுவார்கள். பிடித்த வரிக்குச் சான்றாக நிரந்தர ஊழியருக்கு வருஷக் கடைசியில் படிவம் 16 வரும், எனக்கு வருவது 16ஏ. அந்த ஒரு எழுத்துதான் பேங்கில் எல்லாவற்றையும் மாற்றுகிறது, ஏனென்றால் 16ஏ வைத்திருப்பவர் அவர்கள் கணக்கில் சம்பளதாரர் இல்லை, சுயதொழில் செய்பவர், அப்படியென்றால் பார்க்க வேண்டியது மாத வரவை அல்ல, ரிட்டர்னில் நீங்களே காட்டிய லாபத்தை.

என் ரிட்டர்னில் லாபம் பாதியாக இருந்தது. காரணம் அதே சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு. இன்ஜினியர், டாக்டர், வக்கீல் மாதிரியான தொழில்களில் இருப்பவர்கள் கணக்குப் புத்தகம் எதுவும் வைக்காமல், வந்த பணத்தில் 50 சதவீதத்தை வருமானம் என்று காட்டி வரி கட்டலாம். எனக்கு 2021-22இல் வந்தது 7,20,000, காட்டியது 3,60,000. அஞ்சு லட்சத்துக்குக் கீழ் இருந்ததால் வரியே இல்லை, பிடித்த 72,000 ரூபாயும் ரீஃபண்டாகத் திரும்பி வந்தது. வருஷா வருஷம் அந்தப் பணம் வரும்போது அம்மாவுக்கும் எனக்கும் அது தீபாவளி போனஸ் மாதிரி.

இப்போது பேங்க் கணக்கைப் பாருங்கள். வருஷம் 3,60,000 என்றால் மாதம் 30,000. அதில் பாதிதான் எல்லா இஎம்ஐக்கும் சேர்த்துப் போகலாம், அதாவது 15,000. என் ஸ்கூட்டர் கடனுக்கு 3,200 போகிறது, மிச்சம் 11,800. 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் லட்சத்துக்குச் சுமார் 900 ரூபாய் இஎம்ஐ. வகுத்துப் பார்த்தால் 13 லட்சம். அந்த ஆபீசர் மேல் தப்பே இல்லை, என் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத்தான் அவர் நம்பினார்.

அன்றைக்கு ஆடிட்டரிடம் நேராகப் போனேன். அப்பாவுக்குப் பழக்கமானவர், வயதானவர். "வீடு வாங்கற யோசனை இருக்குன்னு ஏன் கண்ணு முன்னாடியே சொல்லலை?" என்றார். அப்புறம்தான் விளக்கினார்: 50 சதவீதம் என்பது சட்டம் சொல்கிற குறைந்தபட்சம். உனக்கு உண்மையில் அதற்கு மேல் மிஞ்சினால், மிஞ்சியதைக் காட்டுவதுதான் முறை. என் செலவு என்ன? லேப்டாப், ஒரு சாஃப்ட்வேர் சந்தா, பெட்ரோல். கூட்டிப் பார்த்தால் இருபது சதவீதம் பக்கம்தான் வரும். பழைய ரிட்டர்னைத் திருத்தி அப்டேட் செய்யலாமா என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் அப்போதைய விதிப்படி கட்ட வேண்டிய வரிக்கு மேல் 25 அல்லது 50 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும், அதோடு கடன் கேட்கப் போகிற நேரத்தில் அவசரமாக ஏற்றிக் காட்டிய ரிட்டர்னைப் பார்த்தால் பேங்குக்குச் சந்தேகம் வரும், இரண்டு வருஷம் பொறு என்றார்.

பொறுப்பது சுலபமாக இல்லை. கோவை கணபதி பகுதியில் வாடகை வீட்டில் இருந்தோம், நாலு வருஷத்தில் இரண்டு முறை வீட்டைக் காலி செய்திருக்கிறோம், அம்மாவுக்கு முட்டி வலி, ஒவ்வொரு முறையும் மாடிப்படி எத்தனை என்று எண்ணித்தான் வீடு பார்ப்போம். அந்த அவசரத்தில் ஒரு ஏஜென்ட் வழியாக ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்திடம் போனேன். அவர்கள் பேங்க் வரவைப் பார்த்தே 24 லட்சம் தரத் தயாராக இருந்தார்கள், வட்டி 11.5 சதவீதம். இஎம்ஐ 25,600 பக்கம். 9 சதவீதத்தில் அதே கடனுக்கு 21,600. மாதம் 4,000 வித்தியாசம், 20 வருஷத்துக்கு 9,60,000. ஒரு ராத்திரி முழுக்க இதையே யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அது நான் எடுத்த நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வேறு வழியே இல்லாதவர்கள் அதை எடுத்தால் குறை சொல்ல மாட்டேன். ரிட்டர்னே போடாமல் கடையும் தொழிலும் நடத்துகிற எத்தனையோ பேருக்கு அந்த மாதிரி நிறுவனங்கள்தான் வீடு கட்டிக் கொடுத்திருக்கின்றன.

இப்படி அலைந்த இரண்டு மாதத்தில் மூன்று இடத்தில் விண்ணப்பம் போட்டதில், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்ணான என் சிபில் ஸ்கோர் 748இலிருந்து 731க்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் நம் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது பதிவாகும், குறுகிய காலத்தில் பல பதிவு இருந்தால் ஸ்கோர் குறையும். நாமே எடுத்துப் பார்த்தால் குறையாது, வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசமாகவே கிடைக்கும். அதில் ஸ்கூட்டர் கடனில் ஒரு மாதம் தாமதம் என்று இருந்தது. ஒப்பந்த இடைவெளியில் கணக்கில் பணம் இல்லாமல் போன மாதம் அது.

சரி, அந்த இருபது மாதம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஸ்கூட்டர் கடனை முழுக்க அடைத்தேன். ஒரே பேங்க் கணக்கில்தான் எல்லா வரவும் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். 2018இலிருந்து வாங்கிய ஒவ்வொரு ஒப்பந்த ஆர்டரையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டேன், நடுவில் ஒன்று காணாமல் போயிருந்தது, அதற்கு நகல் வாங்க எச்.ஆர். பிரிவுக்கு ஆறு முறை நடந்தேன். 2018 முதல் இவர் எங்களுக்குத் தொடர்ந்து பணி செய்து தருகிறார் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்டேன். அதைத் தர அவர்களுக்குத் தயக்கம், நிரந்தர வேலை கேட்டு நாளைக்குக் கேஸ் போட்டுவிடுவேனோ என்ற பயம். கடைசியில் "சேவை அளித்து வருகிறார்" என்ற வார்த்தையோடு கொடுத்தார்கள். அது போதுமாக இருந்தது.

ரிட்டர்ன் விஷயம்: 2022-23க்கு வந்தது 7,40,000, செலவு போக 5,90,000 காட்டினோம். கழிவெல்லாம் போக வரி 23,400. முதல் முறையாக வரி கட்டினேன், வலித்தது. ஆனால் அடுத்த வருஷம், 2023-24க்கு, புதிய வரி முறையில் ஏழு லட்சம் வரை வரி இல்லை என்று ஆகிவிட்டது. வந்தது 8,10,000, காட்டியது 6,60,000, வரி ஒரு பைசா இல்லை, பிடித்தது எல்லாம் திரும்பி வந்தது. 2025-26 நிதியாண்டிலிருந்து அந்த வரம்பு 12 லட்சம். அதனால் என்னைப் போன்ற வருமானத்தில் இருப்பவர்கள் பாதியைக் காட்டி மிச்சப்படுத்த இனி ஒன்றுமே இல்லை, இந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். ஆடிட்டர் வழக்கம்போலப் பாதி போட்டுவிடுவார், நாம்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

2024 செப்டம்பரில் என் கணக்கு இருக்கிற அரசு வங்கிக் கிளைக்கே போனேன், வேறு எங்கும் போகவில்லை. மேலாளர் ஃபைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "ஒப்பந்தம் முடிய இன்னும் அஞ்சு மாசம்தான் இருக்கு, அப்புறம்?" என்று கேட்டார். இதுக்கு முன்னாடி ஆறு தடவை முடிஞ்சு ஆறு தடவை வந்திருக்குங்க சார் என்று தேதியைக் காட்டினேன். அம்மாவைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்த்தார்கள், குடும்ப ஓய்வூதியம் வருகிறது, ஆனால் அம்மாவுக்கு 61 வயது, அவர் வருமானத்தைச் சேர்த்தால் கடன் காலம் 9 வருஷமாகச் சுருங்கிவிடும் என்றார்கள். என் பெயரிலேயே போட்டோம். இரண்டு வருஷச் சராசரி 6,25,000, மாதம் 52,000, அதில் பாதி 26,000. கேட்ட 24 லட்சம் வந்தது, 9 சதவீதத்தில்.

வீடு துடியலூர் பக்கம், 12 வருஷம் பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட், 32 லட்சம், தரைத்தளம். கடன் கிடைத்த பிறகு இவ்வளவுதான் என்று நினைத்தேன். பேங்க் வக்கீல் 30 வருஷ வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் சான்று) கேட்டார், மூலப் பத்திரம் கேட்டார், அங்கே மாட்டியது. விற்பவர் முன்பு இதே வீட்டின் மேல் கடன் வாங்கி 2019இல் அடைத்துவிட்டார், பத்திரத்தையும் வாங்கிவிட்டார், ஆனால் கடன் அடைந்துவிட்டது என்று காட்டும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவே இல்லை. அதனால் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நின்றது. அவர் கடன் வாங்கிய கிளையில் பழைய ஃபைலைத் தேடி, அதிகாரி ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு, மூன்று வாரம் போனது. 2023 டிசம்பர் 1 முதல், கடன் அடைத்த 30 நாளில் பத்திரத்தைத் திருப்பித் தந்து, பதிவில் இருக்கும் அடமானத்தையும் நீக்க வேண்டும், தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. அதற்கு முன் அடைத்தவர்களின் வீட்டை வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள். நான் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் பார்த்தேன், அந்த மூன்று வாரமும் தூக்கம் இல்லை.

கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. விலையில் 8 லட்சம் என் பங்கு. பதிவுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 32 லட்சத்துக்கு 2,88,000. இதைப் பேங்க் வீட்டு விலையில் சேர்த்துக் கணக்குப் போடாது, நம் கைக்காசுதான். பத்திரத்தை பேங்கில் ஒப்படைப்பதையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத்தாள், 12,000, பதிவுக் கட்டணம் தனி. வக்கீல், மதிப்பீட்டாளர், பத்திரம் எழுதுபவர் செலவையும் கூட்டினால் என் கையிலிருந்து மொத்தம் 11 லட்சத்து 40 ஆயிரம் போனது. அம்மாவின் நகை கொஞ்சம் அதில் இருக்கிறது.

கடனோடு சேர்த்து ஒரே தவணையில் இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னார்கள். அது கட்டாயம் இல்லை. நான் தனியாக டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுத்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள்.

2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, மொத்தம் ஒரு சதவீதம் குறைந்தது. என் கடன் ரெப்போவோடு இணைந்தது, அதனால் அப்போது வட்டி 8 சதவீதம் ஆனது. இஎம்ஐயைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்டபோது காலத்தைக் குறைக்கச் சொன்னேன், இரண்டரை வருஷத்துக்கு மேல் போய்விட்டது. வட்டி மாறுகிற வகைக் கடனில் முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது, அதனால் ரீஃபண்ட் வருகிற பணம் இனி அங்கேதான் போகும்.

ஒரே ஒரு ஏற்பாட்டை எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். வீடு பதிவாகும் முன்பே ஆறு மாத இஎம்ஐ, 1,30,000 ரூபாய், தனிக் கணக்கில் போட்டு வைத்துவிட்டேன், மரச் சாமான், பெயின்ட் எதற்கும் அதைத் தொடவில்லை. 2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்து புது ஆர்டர் வர ஏழு வாரம் ஆனது. இதுவரை இல்லாத நீண்ட இடைவெளி. மார்ச் 5, ஏப்ரல் 5 இரண்டு இஎம்ஐயும் அந்தக் கணக்கிலிருந்துதான் போனது. ஏப்ரல் மூன்றாவது வாரம் ஆர்டர் வந்ததும், எடுத்ததைத் திரும்பப் போட ஆரம்பித்தேன். இன்னும் 14,000 பாக்கி இருக்கிறது.