அப்பாவின் கணினி: நவம்பர் குறிப்புகள்

2025 நவம்பர் 2, ஞாயிறு

அப்பாவின் கணினியிலிருந்து நேற்று முதல் டிக், டிக் என்று சத்தம் வருகிறது. ஃபேனில் ஏதோ உரசுகிறது என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தேன். ஃபேன் நன்றாகவே சுற்றுகிறது. சத்தம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறது. 2016-இல் போட்ட 1 டிபி டிஸ்க். தன் உடல்நிலையை டிஸ்க்கே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தேன். படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின், எண்ணிக்கை 0 என்று இருக்க வேண்டும். 8 என்று காட்டியது.

வயிற்றைப் பிசைந்தது. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திருநெல்வேலிப் பக்கத்து வட்டாரச் சொற்களை 2003-இலிருந்து திரட்டி, தானே டைப் அடித்து, பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டி வைத்திருக்கிறார். அங்கணம் (பாத்திரம் கழுவும் இடம்), சாரம் (லுங்கி), வாரியல் (துடைப்பம்) என்று ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த ஊரில் யாரிடம் கேட்டது என்ற குறிப்போடு 340 பக்கம். வேலை இன்னும் முடியவில்லை.

2025 நவம்பர் 4, செவ்வாய்

முதல் வேலையாக அந்தக் கோப்புகளை பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் என் லேப்டாப்பில், தனித்தனிக் குறிப்பாக அவர் வைத்திருந்த வேர்ட் கோப்பு ஒன்றைத் திறந்தால் ஒரே குப்பை. ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். அப்பா அடித்தது பாமினி எழுத்துருவில். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கும். மெய்யின் மேல் வரும் புள்ளிக்கு அரைப்புள்ளியின் இடம். அந்த ஃபாண்ட் இல்லாத கணினிக்கு அது தமிழே இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றதே 2010-இல்தான். அதற்கு ஏழு வருடம் முன்பே தொடங்கிய வேலை இது.

வீட்டுக்கு வந்து, லேப்டாப்பை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்னடே, எழுத்தெல்லாம் கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு? இருபது வருசம்டே.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதலில் காட்டியிருக்கவே கூடாது.

2025 நவம்பர் 5, புதன்

ஃபாண்டுகளைத் தேடி எடுத்தேன். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையில் பாமினி கிடைத்தது. ஆனால் தலைப்புச் சொற்களுக்கு அப்பா பயன்படுத்திய இன்னொரு ஃபாண்ட் அங்கே இல்லை. ஒரு மணி நேரம் தேடினேன். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, சாதாரணமாக நிறுவும் ஃபாண்ட் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள், ஆப்டேட்டா என்ற மறைந்த இடத்துக்குப் போய்விடுகிறது. ‘டாக்குமெண்ட்ஸை காப்பி பண்ணியாச்சு, பேக்கப் முடிஞ்சுது’ என்று இருந்திருந்தால் அது போயே போயிருக்கும்.

ஃபாண்டாவது கிடைத்தது. பேஜ்மேக்கருக்கு என்ன செய்வது? அதை மேம்படுத்துவதை 2004-லேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் சிடி கீறல் விழுந்து, எந்த டிரைவிலும் படிக்கவில்லை. இந்தக் கணினியில் ஓடிக்கொண்டிருப்பதுதான் எங்களிடம் இருக்கும் ஒரே பேஜ்மேக்கர். ஆக, கோப்புகளை மட்டும் காப்பாற்றினால் போதாது. ஃபாண்ட், மென்பொருள், அமைப்புகள் எல்லாம் அப்படியே திரும்பி வர வேண்டும். டிஸ்க் முழுவதையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரு நகலாக, எடுக்கப் போகிறேன்.

2025 நவம்பர் 8, சனி

நேற்று பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை கரண்ட் இல்லை. அதனால் வேலையை இன்றைக்குத் தள்ளிவைத்திருந்தேன்.

டிஸ்க்கை இமேஜ் எடுக்கும் குளோன்ஜில்லா என்ற மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை பூட் செய்தேன். விண்டோஸ் ஓடாத நேரத்தில் டிஸ்க்கைப் படிப்பதால் எந்தக் கோப்பும் பாதி எழுதிய நிலையில் மாட்டாது. அதற்கு முன் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தேன். சாதாரணமாக அணைத்தால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் போகும்; டிரைவைத் திறந்தபடியே விட்டுவைக்கும்.

எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் கை நடுங்கியது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. டிஸ்க்கின் அளவையும் மாடல் எண்ணையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு மூன்று முறை ஒப்பிட்டேன்.

முதலில் நிமிடத்துக்கு 2 ஜிபிதான் ஓடியது. வெளி டிஸ்க்கைப் பழைய யுஎஸ்பி துளையில் சொருகியிருந்தேன். நிறுத்திவிட்டு, பின்பக்கம் இருந்த நீலத் துளைக்கு மாற்றியதும் 5 ஜிபிக்கு மேல் போனது. சி டிரைவ் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. டி டிரைவின் நடுவில் படிக்க முடியவில்லை என்ற பிழை வந்து எல்லாம் நின்றது. அந்த எட்டு செக்டர்கள்! ரெஸ்க்யூ என்ற தேர்வைச் சேர்த்து மறுபடி தொடங்கினேன். படிக்க முடியாத துண்டைத் தாண்டிக்கொண்டு மற்றதை எடுக்கச் சொல்லும் தேர்வு அது. கூடவே வேலை செய்யும் நண்பர் முதலில் விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கைப் போட்டுச் சரிசெய்யச் சொன்னார். நான் போடவில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைத்து எழுதவைக்கும் வேலை அது. இமேஜ் கைக்கு வருவதற்கு முன் அதைத் தொடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

314 ஜிபி தரவு, 271 ஜிபி இமேஜ் ஆனது. எடுத்த இமேஜை மறுபடி படித்துச் சரிபார்க்கும் வேலையும் முடிந்தபோது இரவு 11. அதன் பிறகுதான் சாப்பிட்டேன்.

2025 நவம்பர் 9, ஞாயிறு

பழைய டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிதாக வாங்கிய எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) இமேஜை இறக்கப் பார்த்தேன். டிஸ்க் சிறியது என்று குளோன்ஜில்லா மறுத்துவிட்டது. கடையில் 1 டிபி கேட்டேன். கொடுத்தது 960 ஜிபி. கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றார்கள், நானும் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. 40 ஜிபி குறைவு. உள்ளே இருக்கும் தரவு 314 ஜிபிதான் என்றாலும், டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பார்ட்டிஷன்கள் பழைய டிஸ்க்கின் கடைசி வரை நீண்டு கிடக்கின்றன. அவற்றைச் சுருக்கி வைக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்குப் பழைய டிஸ்க்கை இன்னும் வேலை வாங்க வேண்டும். அதற்கு மனம் ஒப்பவில்லை.

2025 நவம்பர் 11, செவ்வாய்

எஸ்எஸ்டியை மாற்றிக் கொடுத்தார்கள். இந்த முறை பெட்டியில் 1 டிபி என்று படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். ஒரே அடையாள எண்ணோடு இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து மாட்டினால் விண்டோஸ் குழம்பும். அதைவிட, தப்பித் தவறி நான் பழையதன் மேல் எழுதிவிடக் கூடாது. இறக்குவதற்கு முன் குளோன்ஜில்லா இரண்டு முறை ‘நிச்சயமா?’ என்று கேட்டது. ஐம்பது நிமிடம் ஆனது.

பிறகு பவர் பட்டனை அழுத்தினேன். அப்பாவின் அதே தாமிரபரணி வால்பேப்பர், அவர் போட்ட இடத்திலேயே ஐகான்கள். பேஜ்மேக்கர் திறந்தது.

இன்றைய நாளின் பெரிய வேலை இதற்கு அப்புறம்தான் வந்தது. 2012-இல் அப்பா ஒரு முறை முழுவதையும் பிரிண்ட் எடுத்து பைண்ட் செய்து வைத்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, ‘ச’ வரிசையை அச்செடுத்துத் தாளோடு தாள் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சேர்த்த சொற்களால் பக்கங்கள் தள்ளிப் போயிருந்தன, ஆனால் வரி உடையும் இடம், தலைப்பெழுத்து, புள்ளிகள் எல்லாம் சரி. ‘சாரம்’ வந்ததும் விரலை வைத்து நிறுத்தி, குறிப்போடு சத்தமாகப் படித்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

2025 நவம்பர் 13, வியாழன்

ரெஸ்க்யூவில் தாண்டிப் போனது எந்தக் கோப்பு என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. பழைய டிஸ்க்கை என் லேப்டாப்பில் மாட்டி, டி டிரைவை ஒவ்வொரு கோப்பாகப் படிக்கவைத்தேன். தடுக்கியது ஒன்றே ஒன்று, தங்கை கல்யாண வீடியோவின் ஒரு பகுதி. அவளிடம் அதன் பிரதி இருக்கிறது, அனுப்பச் சொல்லிவிட்டேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. இந்தப் பழைய போர்டில் 11 ஏறாது. அதனால் அப்பாவின் கணினியிலிருந்து இணையத்தை எடுத்துவிட்டேன். அவருக்கு அது தேவையும் இல்லை. சொற்களை யுனிகோடுக்கு மாற்றும் வேலையைப் பொங்கல் விடுமுறையில் ‘அ’ வரிசையிலிருந்து தொடங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

2025 நவம்பர் 16, ஞாயிறு

இரண்டாவது வெளி டிஸ்க் வாங்கி, இமேஜின் பிரதியை அதில் போட்டேன். யுனிகோடு இல்லாத பழைய கோப்புகள், இரண்டு ஃபாண்டுகள், பக்கங்களின் பிடிஎஃப் எல்லாம் தனியாக ஒரு கோப்புறையில். அந்த டிஸ்க்கை முதலில் தூத்துக்குடியில் தங்கை வீட்டில் வைப்பதாக இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்ததும் அந்த எண்ணத்தை விட்டேன். அன்றைக்கு ஒரே மழை எங்கள் ஊரையும் அவள் ஊரையும் மூழ்கடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஒரே வெள்ளத்தில் நனையக்கூடிய இரண்டு வீட்டில் இரண்டு பிரதி வைத்து என்ன பயன்? மதுரையில் சித்தப்பா வீட்டில் வைக்க முடிவு செய்தோம்.

சித்தப்பா இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார், மாலை பஸ்ஸில் திரும்புகிறார். டிஸ்க்கின் மேல் ‘11.11.2025 ரீஸ்டோர் செய்து பார்த்தது’ என்று எழுதி ஒட்டினேன். அப்பாவே அதைத் துண்டில் சுற்றி, சித்தப்பாவின் பைக்குள் சட்டைகளுக்கு நடுவில் வைத்தார்.

“ஏ தம்பி, பஸ்ல மேல தூக்கி வச்சிராத. மடியிலயே வச்சுக்கோ.”