பள்ளிக்கூடத்தில் திருடுவதற்கு என்ன இருக்கிறது?

சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இணையத் தாக்குதல்களைப் பற்றி நான் பேசி முடித்ததும், செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருக்கும் ஒரு தந்தை எழுந்து, “நம்ப பள்ளிக்கூடத்துல திருடறதுக்கு என்னா சார் இருக்கு?” என்று கேட்டார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பலரும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் அது. தாக்குகிறவனின் நோக்கம் புரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், பள்ளி அலுவலகத்தில் இருக்கும் ஒரு மாணவர் கோப்பைத் திறந்து பார்ப்போம். பிறப்புப் பத்திர நகல், தாய் தந்தையின் அடையாள அட்டை எண்கள், மாத வருமானம், வீட்டு முகவரி, கைப்பேசி எண், உதவித்தொகை போடுவதற்கான வங்கிக் கணக்கு எண், சில கோப்புகளில் நோய் பற்றிய குறிப்பு, குடும்பப் பிரச்சினை குறித்து ஆலோசனை ஆசிரியர் எழுதி வைத்தவை ஆகிய அனைத்தும் அதில் உண்டு. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம், வங்கி அட்டையை ரத்து செய்யலாம். பிறந்த தேதியில் தொடங்கும் பன்னிரண்டு இலக்க ஐசி (அடையாள அட்டை) எண்ணோ வாழ்நாள் முழுவதும் மாறாதது. பத்து வயதுப் பிள்ளையின் எண்ணை எவனாவது தவறாகப் பயன்படுத்தினால், அந்தப் பிள்ளை வளர்ந்து உயர்கல்விக் கடனுக்கோ மோட்டார் சைக்கிள் தவணைக்கோ விண்ணப்பிக்கும் நாள்வரை வீட்டில் யாருக்கும் தெரியவராமலே போகலாம். பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்லித் தொலைபேசியில் பேசும் ஒரு மோசடிக்காரனை, வேலைக்களைப்பில் இருக்கும் எந்தத் தாய் சந்தேகிப்பாள்?

பணமே பெரும்பாலான தாக்குதல்களுக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளியிடம் பணம் இருக்கிறது என்பதைவிட, பள்ளியால் வெளியே சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கின்றன என்பதையே, கணினியைப் பூட்டியோ தரவைத் திருடியோ பணம் கேட்டு மிரட்டும் பிணைப்பணக் கும்பல்கள் நம்புகின்றன. 2023இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் பள்ளி நிர்வாகத்திடம் பத்து லட்சம் டாலர் கேட்ட கும்பல், அது கிடைக்காதபோது, பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவர்களின் வாக்குமூலங்கள் உட்படப் பல கோப்புகளை இணையத்தில் கொட்டியது. கணினியைப் பூட்டுவதைவிடக் குழந்தைகளின் ரகசியத்தைப் பணயமாக வைப்பது கொடுமையானது, அதனாலேயே அதிக அழுத்தம் தருவதும்கூட. கேட்டதைக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் எண்ணிவிட முடியாது. பள்ளி நிர்வாக மென்பொருள் நிறுவனமான பவர்ஸ்கூல், 2024 டிசம்பரில் தரவு களவுபோன பிறகு பிணைப்பணம் கொடுத்தது. ஆனாலும் சில மாதங்கள் கழித்து, அதே தரவைக் காட்டிப் பள்ளி நிர்வாகங்களுக்குத் தனித்தனியாக மிரட்டல் கடிதங்கள் வந்தன.

நாடுகளின் நோக்கம் வேறு. ஈரானிய அரசுக்காகப் பல்கலைக்கழகங்களில் ஊடுருவி ஆய்வுகளைத் திருடியதாக ஒன்பது பேர்மீது 2018இல் அமெரிக்கா குற்றம் சாட்டியபோது, பாதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருந்தது. கோபத்தைக் காட்டுவதற்காகத் தாக்குகிறவர்களும் உண்டு: 2022 ஜூனில், இந்தியாவில் நபிகளைப் பற்றிப் பேசப்பட்ட ஒரு கருத்துக்கு எதிர்ப்பாக, டிராகன்ஃபோர்ஸ் மலேசியா என்ற குழு இந்தியத் தளங்களைத் தாக்கியதில் கல்வி நிலையங்களின் தளங்களும் அடிபட்டன. அந்தப் பேச்சுக்கும் அந்தப் பள்ளிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது இவை எதுவுமில்லை. வகுப்பறைக்குள்ளேயே இருக்கும் நோக்கம்தான். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், கல்வித் துறையில் உள்ளிருப்போரால் நேர்ந்த 215 தரவு மீறல்களை ஆராய்ந்து, அவற்றில் 57 விழுக்காடு மாணவர்கள் செய்தவை என்று 2025இல் அறிவித்தது. சவால், பெயரெடுக்கும் ஆசை, பழிவாங்கல், போட்டி, பணம் என அவர்களது காரணங்கள் பலவாக இருந்தன. அதே நாட்டில் கல்வி நிலையங்களுக்கு இணைய வசதி தரும் ஜிஸ்க் அமைப்பும், பல்கலைக்கழக வலையமைப்புகளை முடக்கும் தாக்குதல்கள் விடுமுறையில் குறைந்து, பாடவேளையில் கூடுவதை முன்பே கவனித்திருந்தது. நான்கு இரவுகள் நீடித்த ஒரு தாக்குதலுக்குக் காரணம், இணைய விளையாட்டில் எதிராளியைத் தோற்கடிக்கும் எண்ணம். மேலே சொன்ன பவர்ஸ்கூல் வழக்கில் நான்கு ஆண்டுச் சிறை பெற்றவரும் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவரே.

எங்கள் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில், ஆசிரியர் அறைக் கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் பார்த்து, படிவம் நான்கு மாணவன் ஒருவன் மதிப்பெண் பதிவுக்குள் நுழைந்தான். எதையும் மாற்றவில்லை, நண்பர்களின் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பெருமையாகச் சொன்னதால் மாட்டிக்கொண்டான். விசாரித்தபோது, “முடியுதான்னு பாத்தேன் சார்” என்றான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில், மாமா கொடுத்த பழைய மடிக்கணினியில் தானாகவே நிரல் எழுதக் கற்றவன் அவன். பள்ளி அவனைத் தற்காலிகமாக நீக்கியது. கணினியறைக்குள் வரவும் தடை விதித்தது. அந்தத் தடை தவறு என்பது என் உறுதியான கருத்து. பணத்துக்காகத் திருடுகிறவனையும் திறமையைக் காட்ட இடமில்லாமல் தவிக்கும் பிள்ளையையும் ஒரே தட்டில் வைத்தால், இரண்டாமவனை, குற்றத்தைக் கற்றுக்கொடுக்கக் காத்திருக்கும் கும்பலிடம் நாமே அனுப்பிவைக்கிறோம். அதே சமயம், 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி, எதையும் சேதப்படுத்தாமல் அனுமதியின்றி நுழைவதற்கே 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டுச் சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்பதை அவனிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

நோக்கம் தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரியும். பிணைப்பணக் கும்பலுக்கு எதிராக, வலையமைப்போடு இணைக்காத தரவின் தனி நகலும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பும் உதவும். தரவுத் திருடனுக்கு எதிராக, தேவையில்லாததைக் கேட்காமலும், பள்ளியை விட்டுப் போனவர்களின் தேவையற்ற கோப்புகளை விதிப்படி அழித்தும் விடலாம். மாணவனுக்கோ பூட்டும் வேண்டும், வழிகாட்ட ஓர் ஆசிரியரும் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு மூன்று தீர்மானங்களைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: அடையாள அட்டைப் படங்களைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்கக் கூடாது, அலுவலகத்தில் தாளில் ஒட்டப்படாத கடவுச்சொல் ஆளுக்கொன்று இருக்க வேண்டும், சனிக்கிழமைக் கணினி வகுப்பைப் பக்கத்து இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் திறந்துவிட்டு, அந்தப் பையனை உதவியாளனாகச் சேர்க்க வேண்டும். முதல் இரண்டுக்கும் எதிர்ப்பு இருக்காது. மூன்றாவதற்கு ஆதரவு கேட்டு அந்த மண்டோரிடம் பேசியிருக்கிறேன். கூட்டத்தில் தானே முன்மொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.