காரணம்: 08

ஏப்ரல் 7

தோப்பில் வைத்த எங்கள் கருவியின் ப்ளூடூத் இணைப்பு அறுகிறது; லாக்கில் காரண எண் இன்றும் 08. காலையில் ஒன்றுகூட இல்லை. பதினொன்றரைக்கு மேல் வரிசையாக ஒன்பது.

ஏப்ரல் 8

ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா மணி கேட்டார். சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டார். வாட்ச் ஜன்னல் விளிம்பிலேயே கிடக்கிறது. கட்டிவிடட்டுமா என்றால் வேண்டாம் என்கிறார். கட்டினாலும் அந்தக் கையில் நிற்காது.

தூக்கம் போய்விட்டது, இணைப்பு அறுந்த லாக்கை எடுத்து வைத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் வேண்டுமென்றே வெட்டியிருந்தால் 13 வரும். நாமே முடித்திருந்தால் 16. 08 வந்தால் யாரும் வெட்டவில்லை என்று அர்த்தம். குறித்த நேரத்துக்குள் எதிரிலிருந்து சத்தமே வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் அமைப்பில் அந்தக் குறித்த நேரம் 10 விநாடி.

ஏப்ரல் 9

மீட்டிங். ப்ளூடூத்தை நடத்தும் மென்பொருளை, அதாவது ஸ்டாக்கையே மாற்றிவிடலாம் என்று ஒருவர், வைஃபை குறுக்கிடுகிறது என்று இன்னொருவர். தென்னந்தோப்பில் ஏது வைஃபை? ஸ்டாக்கை மாற்றினால் மூன்று மாதம் போகும், 08 போகுமா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஸ்டாக் ஸெஃபிர், திறந்த மூலம்தானே, உள்ளே நுழைந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம். திட்டுவதற்கு முன்னால் படித்தால் என்ன?

கோபத்தில் எழுதுகிறேன். நானும்தான் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை.

ஏப்ரல் 10

கிணத்துக்கடவு. பம்ப் செட் பக்கத்தில் கம்பத்தில் இரும்புப் பெட்டி, அதற்குள் எங்கள் நோடு, பேட்டரியில் ஓடும் கருவி. அதோடு ப்ளூடூத்தில் பேசும் கேட்வே மோட்டார் ரூமுக்குள், நிழலில். இரண்டும் பேசுவதை ஒட்டுக்கேட்கும் ஸ்னிஃபரை வைத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். தோட்டத்துக்காரர் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, உச்சி வெயிலானா உங்க டப்பா தூங்கிருதுங்க. சாயங்காலம் தானா முழிச்சுக்குது."

அவர் சொன்னதுதான் ஸ்னிஃபரிலும் இருந்தது. கேட்வே விநாடிக்கு ஒரு தடவை, சேனல் மாற்றி மாற்றி ஒழுங்காகக் கூப்பிடுகிறது. நோடு பதில் சொல்வதில்லை. பத்து விநாடி ஆனதும் 08. பிறகு நோடு 37, 38, 39 சேனல்களில் தன்னை அறிவிக்கும், கேட்வே மறுபடி சேர்த்துக்கொள்ளும், மறுபடி விழும். பெட்டிக்கதவைத் திறக்கப் போய்க் கையை வெடுக்கென்று எடுத்தேன். தெர்மாமீட்டர் கொண்டுபோகவில்லை, என் புத்தி.

ஏப்ரல் 11

அப்பாவின் ரிப்போர்ட் இன்று இல்லையாம். திங்கள் சித்திரை ஒன்று, லேப் லீவு. செவ்வாய்.

ஏப்ரல் 12

இன்று முழுக்க ஒரே கணக்கு. மறக்கும் முன் எழுதிவைக்கிறேன்.

நோடு பெரும்பாலும் தூங்குகிறது. இல்லாவிட்டால் பேட்டரி தாங்காது. கேட்வே விநாடிக்கு ஒருமுறை கூப்பிட்டாலும், மூன்று அழைப்பை விட்டுவிட்டு நாலாவதுக்கு எழுந்தால் போதும் என்று அனுமதி வாங்கியிருக்கிறோம். நாலு விநாடித் தூக்கம். அந்தத் தூக்கத்தை எண்ணும் கடிகாரம் ஒரு 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அது கொஞ்சம் முன்னே பின்னே ஓடும் என்று ஸ்டாக்குக்குத் தெரியும், அதனால் சரியான நேரத்துக்குச் சற்று முன்பே ரேடியோவைத் திறந்து, சற்றுப் பின்பு வரை காத்திருக்கும். எவ்வளவு முன், எவ்வளவு பின்? கேட்வே தன் கடிகாரத்தின் பிழையை இணைப்பு கேட்கும்போதே சொல்லிவிடுகிறது, எங்கள் கேட்வே சொல்வது 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு. நோடு தன் பிழையையும் அதோடு கூட்டிக்கொள்ளும். எங்கள் அமைப்புக் கோப்பில் அதுவும் 20. ஆக 40, நாலு விநாடிக்கு 160 மைக்ரோசெகண்ட், மேலே ஒரு 16, மொத்தம் 176.

இந்த வகைக் கிரிஸ்டல் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும். அதிலிருந்து விலக விலக, விலகலின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கிய அளவு பிபிஎம் மெதுவாகும். சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும், வேகமாவதே கிடையாது. பெட்டிக்குள் 65 டிகிரி என்று வைத்தால் 54 பிபிஎம். நாலு விநாடிக்கு 216 மைக்ரோசெகண்ட். 176-ஐத் தாண்டிவிட்டது. நோடு எழும்போது கேட்வே கூப்பிட ஆரம்பித்திருக்கும், தொடக்கம் போய்விடும்.

ஒருதடவை தவறினால் அடுத்த விநாடியே எழுந்து கேட்கிறதே, அப்போதாவது பிடிக்கக்கூடாதா என்று அரை மணி நேரம் முழித்தேன். பிடிக்காது. காத்திருக்கும் நேரம் எந்த விகிதத்தில் நீள்கிறதோ, பிழையும் அதே விகிதத்தில் வளர்கிறது. பத்து விநாடி வரை இப்படியே துரத்திக்கொண்டிருக்கும்.

ஸ்டாக் எதையும் அளந்து பார்ப்பதில்லை. 20 என்று எழுதினால் 20 என்று நம்பும். அந்த 20 டெவலப்மென்ட் போர்டின் கோப்பிலிருந்து அப்படியே வந்தது. ஏசி அறை மேஜைக்குச் சரியான எண்தான்.

ஏப்ரல் 13

ஹேர் டிரையரால் நோடைச் சூடாக்கினேன். 58 டிகிரி, ஒன்றுமில்லை. 61, ஒன்றுமில்லை. 66-இல் 08.

ரொம்ப நாளைக்கப்புறம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்பா உள்ளே இருந்து என்ன கண்ணு என்றார். என்னவென்று சொல்வது?

ஏப்ரல் 14

பாயசம் இரண்டு ஸ்பூன் இறங்கியது. மாங்காய்ப் பச்சடி வேண்டாமாம்.

அவர் வாட்ச்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன், இரண்டு நிமிஷம் பின்தங்கியிருக்கிறது. உள்ளே இருப்பதும் அதே 32,768. ஜன்னல் வெயிலில் 40 டிகிரி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.66 விநாடிதான் குறையும். இரண்டு நிமிஷம் குறைய ஆறு மாதமாகும். அது அங்கே கிடப்பது இருபது நாளாக. எனவே வெயில் இல்லை. பேட்டரியாக இருக்கும், அல்லது அவர் கட்டியிருந்தபோதே பின்தங்கிவிட்டதோ என்னவோ. சரிசெய்து வைத்தேன். பிறகு ஏன் தொட்டோம் என்று இருந்தது.

ஏப்ரல் 15

கோப்பில் நோடின் 20-ஐ 100 ஆக்கி ஏற்றியாயிற்று. ரேடியோ இனி ஒவ்வொரு முறையும் இதுவரை விழித்ததைவிட 320 மைக்ரோசெகண்ட் முன்பே விழிக்கும், நாலு விநாடிக்கு ஒருதடவைதானே, பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. தோட்டத்துக்காரர் மகன் போனில் பெட்டிச் சூட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் லேப் வாசல் பெஞ்சில்.

12.10. 63 டிகிரி. 08 இல்லை.

12.40. 66. இல்லை.

டோக்கன் 31. உள்ளே 24 ஓடுகிறது. அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான், எடுக்கவில்லை.

1.15. 67. இல்லை.

29.